ப்ரோப்பை இறுக்கினால் பிஎச் நகர்கிறது: சிலிக்கான் சென்சார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பாருங்க

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். சாயம் ஏற்றி முடித்த துணியை அசிட்டிக் ஆசிட் விட்டு நியூட்ரல் செய்யும் லைனில் கண்ணாடி பிஎச் ப்ரோப் இருந்தது. கழுவும்போது பையன்கள் உடைப்பார்கள்; உடைக்காவிட்டால் பஞ்சு அடைத்து மந்தமாகிவிடும். அதனால் கண்ணாடி இல்லாத வகைக்கு மாறினோம். ஐஎஸ்ஃபெட் என்கிறார்கள். நுனியில் ஒரு சின்ன சிலிக்கான் சிப். டிரான்சிஸ்டரின் கேட்டில் உலோகம் இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீரே நேராகத் தொடுகிறது. பெரிய கம்பெனிப் பொருள் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒருவர் சிப்பை வரவழைத்து, விரல் அகலப் பட்டை போர்டில் ஒட்டி, சுற்றிலும் எபாக்ஸி ஊற்றி, பிளாஸ்டிக் குழாயில் சொருகிக் கொடுத்தார்.

மேசையில் வைத்து 4.01, 7.00 பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசல்) காலிபரேட் செய்தால் அழகாக நிற்கிறது. லைனில் ஹோல்டருக்குள் விட்டு கிளாண்ட் நட்டை (ப்ரோப்பைப் பிடித்துக் கசிவை அடைக்கும் நட்டு) இறுக்கியதும் 0.1-க்கு மேல் நகர்கிறது. தளர்த்தினால் திரும்பிவிடுகிறது. கொடுத்தவரைக் கேட்டால் "உங்க எர்த்திங் சரியில்லை" என்று முடித்துவிட்டார். அசிட்டிக் டோசிங் பம்ப் இந்த ரீடிங்கைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அடுத்து துணியின் மேல் நிற்கும் பஞ்சிழையை நீக்கும் பயோ பாலிஷ் என்சைமுக்கு 4.5 முதல் 5.5 வரைக்குள் நிறுத்தியாக வேண்டும். அந்த ஒரு பிஎச் இடைவெளியில் இது கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

தறிக்காரர் (பல்லடம்)

முதலில் வெப்பத்தைப் பாருங்க. மேசையில் 30 டிகிரி, லைனில் 50 டிகிரி என்றால் கணக்கே வேறு. 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட், ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.2 மில்லிவோல்ட் கூடும். ஐஎஸ்ஃபெட்டுக்கு அது போக டிரான்சிஸ்டருக்கே உரிய வெப்ப நகர்வும் உண்டு. சிலிக்கான் என்றாலே அது தெர்மாமீட்டர்தான். இதற்கெல்லாம் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

கணபதி பட்டறை (கோவை)

வெப்பம் என்றால் நட்டைத் தளர்த்தியதும் டக்கென்று திரும்பாதுங்க அண்ணா, ஆறுவதற்கு நேரம் எடுக்கும். எர்த்திங்கா என்று பார்ப்பது சுலபம். மோட்டார் எல்லாம் நிறுத்துங்க, பேட்டரி மீட்டர் போடுங்க, லைனில் வேண்டாம், பிளாஸ்டிக் மக்கில் பஃபர் ஊற்றி அதில் வைத்து நட்டை இறுக்கிப் பாருங்க. அப்போதும் நகர்ந்தால் எர்த்திங்கை மறந்துவிடலாம்.

நொய்யல்கரை

செய்து பார்த்துவிட்டேன். ஹோல்டரைக் கழற்றி வைஸில் பிடித்தேன். கீழே மக்கில் 7.00 பஃபர், பேட்டரி மீட்டர், பக்கத்தில் எந்த மோட்டாரும் ஓடவில்லை. ப்ரோப்பை விட்டு நட்டைக் கையால் திருப்பும் வரை அசைவே இல்லை. ஸ்பேனர் போட்டுக் கால் சுற்று திருப்பினேன்: 7.06. இன்னொரு கால் சுற்று: 7.13. தளர்த்தினால் 7.01-க்கு வந்து நிற்கிறது.

அப்புறம் சும்மா ஒரு சந்தேகத்தில் ப்ரோப்பின் வாலைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் தள்ளினேன், எண் ஏறியது. எதிர்ப்பக்கம் தள்ளினேன், 7.00-க்குக் கீழே இறங்கியது. விரலை எடுத்தால் பழைய இடம். நமக்குத் தெரிந்த எந்த எர்த்திங்கும் விரல் தள்ளும் திசையைப் பார்த்து ஏறி இறங்காது.

பழைய வேஃபர் (பொள்ளாச்சி)

விரலால் தள்ளிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் வேஃபர் (சிப் வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டு) ஆய்வில் போயிற்று, இப்போது தென்னந்தோப்புதான். ஆனாலும் இதைப் பார்த்தால் கை அரிக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும். கெல்வின் 1856-லேயே இரும்புக் கம்பியிலும் செம்புக் கம்பியிலும் இதைக் காட்டினார். உலோகத்தில் இது பெரும்பாலும் வடிவ மாற்றம்தான்: கம்பி நீள்கிறது, மெலிகிறது, தடை ஏறுகிறது. திரிபு, அதாவது நீளம் மாறும் விகிதம், ஒரு பங்கு என்றால் தடை மாற்றம் இரண்டு பங்கு. சிலிக்கானில் கதையே வேறு. 1954-ல் பெல் ஆய்வகத்தில் சார்ல்ஸ் ஸ்மித் சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் இழுத்து அளந்தபோது, தடை மாற்றம் திரிபைப் போல நூறு மடங்குக்கு மேலும் வந்தது. வடிவம் அவ்வளவு மாறவில்லை. உள்ளே மின்சாரம் ஓடும் வழியே மாறுகிறது.

காரணம் இது. சிலிக்கானில் எலக்ட்ரான்கள் தங்குவதற்கு ஆற்றலில் ஆறு பள்ளங்கள் உண்டு, படிகத்தின் மூன்று அச்சுகளிலும் முன்னும் பின்னுமாக. சும்மா இருக்கும்போது ஆறும் ஒரே மட்டம், எலக்ட்ரான்கள் சமமாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கமாக இழுத்தால் சில பள்ளங்கள் மேலே போகும், சில கீழே இறங்கும். வயலில் ஆறு மடைக்கும் ஒரே மட்டமாகப் பாயும் தண்ணீரில் இரண்டு மடையை மட்டும் கொஞ்சம் மேடாக்கினால் தண்ணீர் மற்ற நாலுக்குத் திரும்பும் இல்லையா, அந்த மாதிரி. ஒவ்வொரு பள்ளத்திலும் எலக்ட்ரான் ஒரு திசையில் கனம், மற்ற திசைகளில் லேசு. சாதாரண எலக்ட்ரானோடு ஒப்பிட்டால் 0.98 ஒரு பக்கம், 0.19 மறுபக்கம். கூட்டம் லேசான பக்கம் சாய்ந்தால் நகர்திறன் கூடும், அதாவது மொபிலிட்டி. கனமான பக்கம் சாய்ந்தால் குறையும். அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறியிருக்காது, கரண்ட் சதவீதக் கணக்கில் மாறும்.

இது எலக்ட்ரான் ஓடும் என்-வகையின் கதை. பி-வகையில் ஓடுபவை துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள். அங்கே பள்ளக் கதை இல்லை, கனத்த துளை, லேசான துளை என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பட்டைகள் பிரிந்து வடிவம் மாறுகின்றன. விளைவு இன்னும் பெரிது.

உங்கள் சிப்புக்கு வருவோம். 100, 110 என்பவை படிகத் திசைகளின் பெயர்கள். வழக்கமான 100 வேஃபரில் சிப்பின் ஓரங்கள் 110 திசையில் வெட்டப்பட்டிருக்கும், டிரான்சிஸ்டரின் சேனலும் (கரண்ட் ஓடும் பாதை) அந்தத் திசையில்தான் ஓடும். ஸ்மித் தந்த எண்களை அந்தத் திசைக்குத் திருப்பிப் போட்டால், சேனல் நீளவாக்கில் 100 மெகாபாஸ்கல் இழுத்தால் என்-வகையின் தடை சுமார் 3.1 சதவீதம் குறையும், பி-வகையில் 7.2 சதவீதம் கூடும். இவை முழுக்கட்டி சிலிக்கானுக்கான எண்கள். கேட்டுக்கு அடியில் உள்ள மெல்லிய சேனலில் கொஞ்சம் மாறும், போக்கு இதுதான்.

இறுக்கினால் உங்களுக்கு எண் ஏறுகிறது. ஐஎஸ்ஃபெட் பெரும்பாலும் என்-சேனல். அதை அமுக்கினால் கரண்ட் குறையப் பார்க்கும், அதே கரண்டைப் பிடித்து நிறுத்த சர்க்யூட் கேட் வோல்டேஜை ஏற்றும். பிஎச் ஏறினாலும் சர்க்யூட் செய்வது அதே வேலைதான். மீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆக, நட்டு இறுகும்போது உங்கள் பட்டை போர்டு சிப் இருக்கும் முகம் உட்குழிகிற மாதிரி வளைகிறது.

பீளமேடு மாணவி (கோவை)

ஐயா, ஒரு சந்தேகம். ப்ராசஸர்களில் வேண்டுமென்றே திரிபு கொடுக்கிறார்கள் என்று வகுப்பில் படித்தோம். 2003-ல் இன்டெல் 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் பி-டிரான்சிஸ்டரின் இரண்டு பக்கமும் சிலிக்கான்-ஜெர்மானியம் வைத்து சேனலை அமுக்கினார்கள், என்-டிரான்சிஸ்டரின் மேல் நைட்ரைடு மூடி போட்டு இழுத்தார்கள். அங்கே நன்மையாக இருப்பது இங்கே எப்படித் தொல்லையாகிறது?

நொய்யல்கரை அண்ணாவின் 0.13-ஐக் கணக்கிலும் போட்டுப் பார்த்தேன். ட்ரெயின் வோல்டேஜைச் சிறிதாக வைத்து, கேட்டில் திரெஷோல்டுக்கு (கரண்ட் ஓடத் தொடங்கும் வோல்டேஜ்) மேலே 0.5 வோல்ட் கொடுத்து ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். அந்த நிலையில் கரண்ட், நகர்திறனையும் அந்த 0.5-ஐயும் பெருக்கியதற்கு ஏற்றபடி இருக்கும். நகர்திறன் 1.4 சதவீதம் குறைந்தால் ஈடுகட்ட 0.5-ல் 1.4 சதவீதம், அதாவது 7 மில்லிவோல்ட் ஏற்ற வேண்டும். ஒரு பிஎச்சுக்கு 54 மில்லிவோல்ட் என்றால் 0.13 பிஎச். சரியாக வருகிறது! 1.4 சதவீதத்துக்கு வேண்டிய தகைவு (பரப்பளவுக்கான விசை) 45 மெகாபாஸ்கல், திரிபு பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. ஒரு ஸ்பேனர் இதைச் செய்துவிடுமா?

பழைய வேஃபர்

தாராளமாகச் செய்யும் கண்ணு. மெல்லிய போர்டில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு என்பது கண்ணுக்கே தெரியாத வளைவு.

ப்ராசஸரில் திரிபு வேண்டும், ஏனென்றால் அது சாகும் வரை மாறாது. சேனலுக்குப் பக்கத்திலேயே படிகத்தோடு படிகமாக வளர்த்து வைத்தது, நட்டுப் போட்டு இறுக்கியது இல்லை. அங்கே வேண்டியது வேகமான ஒன்று, பூச்சியம். சென்சாரில் ஒவ்வொரு மில்லிவோல்ட்டுக்கும் அர்த்தம் சொல்கிறோம். மாறாத திரிபு சென்சாருக்கும் தொல்லை இல்லை, காலிபரேஷனில் போய்விடும். மாறுகிற திரிபுதான் எதிரி.

உன் கணக்கை இன்னும் இரண்டு அடி நடத்து. அதே சிப்பை சாச்சுரேஷனில் (ட்ரெயின் வோல்டேஜைப் பெரிதாக வைத்து) ஓட்டினால் கரண்ட் அந்த உபரி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி போகும், அதனால் பிழை பாதியாகும். திரெஷோல்டுக்குக் கீழே, நுண்கரண்டில் ஓட்டினால் கரண்ட் எக்ஸ்பொனென்ஷியலாக ஏறும். அங்கே 1.4 சதவீதத்தை ஈடுகட்ட அரை மில்லிவோல்ட் போதும், 0.01 பிஎச். திரெஷோல்ட் திரிபால் தானே நகர்வது மட்டும் மிஞ்சும், அது சிறியது. சிப் அதே, பசை அதே. எந்தக் கரண்டில் ஓட்டுகிறோம் என்பதை மாற்றினால் பிழை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. இதை யாரும் ப்ரோஷரில் போட மாட்டார்கள். சும்மாவும் கிடைக்காது: நுண்கரண்டில் இரைச்சல் கூடும், சூடான தண்ணீரில் கசிவுக் கரண்ட் தொந்தரவு கொடுக்கும்.

தறிக்காரர்

நல்லா இருக்குதுங்க கணக்கு. ஆனா பட்டறையில் நிற்கிறவருக்கு இவ்வளவு எதுக்கு? லைனில் மாட்டி, இறுக்கி, அப்புறம் அங்கேயே பஃபர் விட்டு காலிபரேட் செய்துவிட்டால் தீர்ந்தது. இறுக்கத்தால் வந்த 0.13 அதிலேயே கழிந்துவிடும். நான் சொல்றது தப்பா?

கணபதி பட்டறை

தப்பில்லைங்க, ஆனால் அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதுதான் கேள்வி. என் கதையைச் சொல்கிறேன். நாங்கள் பம்ப் கண்ட்ரோலர் போர்டு செய்கிறோம். ஒரு மாடலில் தண்ணீர் அழுத்தம் பார்க்கும் சிலிக்கான் பிரஷர் சென்சார் போர்டிலேயே சால்டர் ஆகி இருக்கும். டெஸ்ட் பெஞ்சில் ஜீரோ சரியாக இருக்கும். டப்பாவில் வைத்து நாலு மூலையும் திருகியதும் ஜீரோ ஓடிவிடும். நாங்களும் அண்ணா சொன்ன மாதிரிதான் செய்தோம், திருகிய பின் ஜீரோ செட் செய்து அனுப்பினோம். தோட்டத்து மோட்டார் ரூமில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை போனால் மறுபடியும் ஓடியிருக்கும்.

பிரித்துப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. டப்பாவின் நாலு தூணும் ஒரே உயரம் இல்லை. மோல்டில் வந்த பிளாஸ்டிக் தூண், ஒன்று மட்டும் ஒரு நூல் தாழ்ந்திருந்தது. நாலாவது திருகு போர்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்க, முறுக்கம் குறைய, ஜீரோ நகர்கிறது.

நாலாவது திருகையே எடுத்துவிட்டோம். மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும், உயரம் எப்படி இருந்தாலும் போர்டு முறுக்காது. சென்சாரைச் சுற்றி மூன்று பக்கமும் போர்டில் காடி வெட்டி, அது நாக்கு மாதிரி தனியாக நிற்கும்படி செய்தோம். போர்டு வளைந்தாலும் நாக்குக்குப் போவதில்லை. செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, காடி வெட்டுவது போர்டு செய்கிறவருக்கு ஒரே வேலைதான்.

பழைய வேஃபர்

மூன்று திருகு ரொம்ப அழகான தீர்வு.

தறிக்காரருக்கு ஒன்று சேர்க்கிறேன். வெளியே இருந்து வரும் நட்டு, திருகு மட்டும் இல்லை. சிப் பேக்கேஜ் ஆகும்போதே உள்ளே தகைவு உட்கார்ந்துவிடுகிறது. சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும். செம்பு 17, போர்டு ஏறக்குறைய 15. கறுப்பு பிளாஸ்டிக் பேக்கேஜை 175 டிகிரி வாக்கில் வார்க்கிறார்கள். அறை வெப்பத்துக்கு ஆறி வரும்போது சுற்றியுள்ள எல்லாமே சிலிக்கானைவிட அதிகமாகச் சுருங்கி அதை நெருக்குகின்றன. மாறாத வோல்டேஜ் தர வேண்டிய வோல்டேஜ் ரெஃபரன்ஸ் ஐசி போர்டில் சால்டர் செய்ததும் கொஞ்சம் நகர்வது இதனால்தான், நல்ல டேட்டாஷீட்டில் அதற்கென்றே ஒரு வரி இருக்கும். ஈரப்பதமும் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் ஈரம் குடித்து உப்பும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது எங்கள் ஊரில் துல்லியமான ரெஃபரன்ஸ் மெதுவாக ஒரு பக்கம் சாய்வதைப் பார்க்கலாம், பங்குனி வெயிலில் திரும்ப வரும்.

நொய்யல்கரை தம்பியின் ப்ரோப்பில் எபாக்ஸி ஊற்றியிருக்கிறது. எபாக்ஸி கெட்டியாகும்போதே சுருங்கும், சூட்டில் இளகும், தண்ணீர் குடிக்கும், சுமை இருந்தால் நாளாக ஆக ஊரும். 30 டிகிரியில் இருந்த நெருக்கல் 50 டிகிரியில் இருக்காது. ஆகவே லைனிலேயே காலிபரேட் செய்வது நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் நீங்கள் காலிபரேட் செய்வது அந்த நிமிடத்து நெருக்கலைத்தான். வெப்பத் திருத்தம் என்று போடும் எண்ணுக்குள்ளும் பசையின் வேலை கொஞ்சம் கலந்திருக்கிறது.

தறிக்காரர்

ஆக, வெப்பமும் உள்ளே இருக்கிறது என்று நீங்களே சொல்லிட்டீங்க. சரி, ஒத்துக்கிறேன், நட்டும் இருக்கட்டும் 😄

மஞ்சள் மண்டி (ஈரோடு)

மஞ்சள் மண்டிகளிலும் சங்ககிரிப் பக்கம் லாரி எடை மேடைகளிலும் தராசு சர்வீஸ் பார்க்கிறேன். படித்ததும் ஒன்று தோன்றியது. சிலிக்கான் நூறு மடங்கு கொடுக்கிறது என்றால், நாங்கள் மாற்றுகிற, எடையை உணரும் லோட் செல்லில் எல்லாம் ஏன் இன்னும் உலோகத் தகடு கேஜே ஒட்டுகிறார்கள்? 350 ஓம் பிரிட்ஜ், முழுச் சுமைக்கு ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட். காற்றடித்தால் ஆடுகிற சிக்னல்.

பழைய வேஃபர்

ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது பெரிய சிக்னல் இல்லை, நம்பகமான சிக்னல். கான்ஸ்டன்டன் தகட்டின் தடை வெப்பத்தால் கிட்டத்தட்ட அசையாது, கலவையை எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஏற்றபடி பதப்படுத்தலாம். சிலிக்கான் கேஜில் தடையும் மாறும், உணர்திறனும் மாறும், இரண்டையும் திருத்த வேண்டும். மேட்டூர் வெயிலில் நிற்கும் எடை மேடைக்கு அது தேவையில்லாத வம்பு. தலைகீழாகப் பிரஷர் சென்சாரில் சிலிக்கான்தான் ராஜா: சவ்வையே சிலிக்கானில் செதுக்கி, அதன் மேலேயே கேஜைப் பதித்துவிடலாம், பசையே கிடையாது.

மஞ்சள் மண்டி

புரிந்தது. பசை ஊர்வதைப் பற்றி எனக்குச் சொல்லவே வேண்டாம். லாரியை மேடையிலேயே நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போனால் எண் மெல்ல நகர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர்

லோட் செல் பேச்சு நன்றாகப் போகிறது, ஆனால் தனி இழையில் தொடருங்கள். இங்கே டிரான்சிஸ்டர் சென்சார் மட்டும்.

பீளமேடு மாணவி

ஐயா, நீங்கள் சொன்ன ஸ்மித் எண்களை எல்லாத் திசைக்கும் போட்டுப் பார்த்தேன். பி-வகையில் 110 திசையில் நீளவாக்கில் இழுத்தால் 100 மெகாபாஸ்கலுக்கு +7.2 சதவீதம், குறுக்காக இழுத்தால் −6.6. ஒன்றுக்கொன்று எதிர். அப்படியானால் இரண்டு பி-டிரான்சிஸ்டரை எல் எழுத்து மாதிரி செங்குத்தாக வைத்துச் சேர்த்தால் பெரும்பகுதி அடித்துப் போகுமே? என்-வகையில் நீளவாக்கில் −3.1, குறுக்காக −1.8. இரண்டும் ஒரே பக்கம், எல் போட்டாலும் அடிபடாது.

பழைய வேஃபர்

சபாஷ். காந்தப்புலம் அளக்கும் ஹால் சென்சார், ரெஃபரன்ஸ், ஆசிலேட்டர் செய்கிறவர்கள் எல் வடிவ ரெசிஸ்டர் போடுவது இதற்காகத்தான். இன்னொன்றும் பார். பி-வகைச் சேனலை 45 டிகிரி திருப்பி 100 திசையில் வைத்தால் நீளவாக்கில் 0.7 சதவீதம்கூட வராது, குறுக்கே அதைவிடக் குறைவு. பிரஷர் சென்சார்காரர்கள் துரத்திப் போகும் திசையும் நாம் ஓடி ஒளியும் திசையும் ஒரே வேஃபரில் 45 டிகிரி தள்ளித்தான் இருக்கின்றன.

ஹால் சென்சாரில் ஒரு கண்ணி உண்டு. கரண்டைச் சுழற்றிச் சுழற்றிக் கொடுத்து ஆஃப்செட்டை (காந்தம் இல்லாதபோதும் காட்டும் எண்) நீக்கிவிடுவார்கள், அதனால் தகைவுப் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆஃப்செட் போகும். காந்தப்புலத்துக்கான உணர்திறன் தகைவால் மாறுவது போகாது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு தகைவு சென்சார் வைத்து, அளந்து, திருத்த வேண்டும்.

நொய்யல்கரை

ஐயா, அம்மிணி, எல்லாம் தலைக்கு மேலே போனாலும் ஒன்று பிடிபட்டது. நான் சிப் செய்யப் போவதில்லை. ஒட்டுகிறவரிடம் சொல்லி ஒட்டும் விதத்தை மாற்றலாம். திசையை மாற்றி ஒட்டினால் பயன் உண்டா?

பழைய வேஃபர்

உண்டு. உங்கள் பட்டை நீளவாக்கில்தான் வளைகிறது. இப்போது சேனலும் நீளவாக்கில் இருந்தால் −3.1 கணக்கு. சிப்பைக் கால் வட்டம் திருப்பி, சேனல் பட்டைக்குக் குறுக்கே போகும்படி ஒட்டினால் −1.8. பிழை பாதியை நெருங்கிவிடும். ஒயர் பாண்டிங் பக்கம் மாறும், அதை ஒட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதைவிட முக்கியம் ஹோல்டர். கிளாண்ட் நட்டு சிப்புக்கு நேர்மேலே பிடிக்கிறதா? சீல் பிடிக்கும் இடத்தைச் சிப்பிலிருந்து பின்னால் தள்ளுங்கள். சிப்புக்கு அடியில் கடினமான எபாக்ஸிக்குப் பதில் மிருதுவான சிலிகோன் பசை. போர்டும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு போக வேண்டாம். சின்னத் துண்டு போர்டில் சிப், அங்கிருந்து ஒயர். வளைவதற்கு நீளம் இல்லாவிட்டால் என்ன வளையும்?

பீளமேடு மாணவி

அண்ணா, சிப்பிலேயே பக்கத்தில் சாதாரண மாஸ்ஃபெட் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். உலோகக் கேட் போட்ட அது தண்ணீரைப் பார்க்காது, ஆனால் அதே தகைவையும் வெப்பத்தையும் உணரும். இரண்டையும் கழித்தால் பிஎச் மட்டும் மிஞ்சும். 1970-ல் பெர்க்வெல்ட் ஐஎஸ்ஃபெட்டை அறிமுகப்படுத்திய பின் வந்த பல வடிவங்களில் இப்படித் துணை டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார்கள்.

என் ப்ராஜெக்ட் வளையும் சென்சார். 50 மைக்ரான் வரை தேய்த்த சிலிக்கானை 25 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் மேற்பரப்பில் திரிபு 0.1 சதவீதம், தடிமனை இரு மடங்கு ஆரத்தால் வகுத்தால் வந்துவிடும். 110 திசையில் அது 169 மெகாபாஸ்கல், என்-சேனல் கரண்ட் ஐந்து சதவீதம் நகரும். துணை டிரான்சிஸ்டர் இல்லாமல் முடியாது என்று இப்போது தெரிகிறது.

பழைய வேஃபர்

துணை டிரான்சிஸ்டர் நல்லது, சேனல் ஒரே திசையில் இருந்தால் மட்டும். செங்குத்தாக வைத்த துணை −1.8 சொல்லும், அசல் −3.1 சொல்லும், கழித்தாலும் மிச்சம் நிற்கும். வளையும் சிப்புக்கு இன்னொரு வழி: மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் படலம் ஒட்டி, டிரான்சிஸ்டர் இருக்கும் முகம் அடுக்கின் நடுத்தளத்தில் விழும்படி செய். வளைத்தால் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும், நடுவில் ஒன்றும் இல்லை. ஐஎஸ்ஃபெட்டுக்குத் தண்ணீர் தொட ஜன்னல் விட வேண்டும், அங்கேதான் நடுத்தளம் குலையும். உன் ஆய்வே அந்த ஜன்னல் ஓரம்தான் என்று நினைக்கிறேன்.

நொய்யல்கரை

பூதக்கண்ணாடியில் பார்த்தேன், சிப்பில் நாலே நாலு பேட். கேட்டதில் சோர்ஸ், ட்ரெயின், பாடி, ஒரு டயோடு என்றார். துணை கிடையாது.

புது ஹோல்டர் கடைந்து போட்டாச்சு. சீல் இப்போது சிப்பிலிருந்து நாலு விரல்கடை பின்னால், ஓ-ரிங் பிடிமானம், நட்டு ஓ-ரிங்கைத்தான் அமுக்குகிறது, குழாயை இல்லை. ப்ரோப்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் சின்னத் துண்டு போர்டில் சிலிகோன் பசை போட்டுச் செய்து கொடுத்தார். சிப்பைத் திருப்பி ஒட்ட மட்டும் மறுத்துவிட்டார், ஜிக் மாற்ற வேண்டுமாம். ஸ்பேனர் போட்டு இறுக்கினாலும் 7.00, 7.01-ஐத் தாண்டவில்லை. கட்டைவிரலால் தள்ளினால் இன்னும் துளி அசைகிறது, லைனில் யாரும் தள்ளப்போவதில்லை.

ஓ-ரிங் மட்டும் சந்தேகம். கடையில் விட்டான் என்ற ரப்பரில் கொடுத்தார்கள், விலை கூட. போடலாமா?

கணபதி பட்டறை

உங்க லைனில் சோடா ஆஷ், காஸ்டிக், அசிட்டிக் எல்லாம் சூட்டோடு வருமே. விட்டான் எண்ணெய்க்குத்தான் ராஜா, சூடான காஸ்டிக்கிலும் அசிட்டிக்கிலும் சீக்கிரம் கெட்டுவிடும். இபிடிஎம் ரப்பர் போடுங்க, விலையும் குறைவு. துணியிலிருந்து வருகிற ஊசி எண்ணெய் அதற்கு ஆகாது, ஆனால் அது ஸ்கவரிங்கிலேயே போய்விடும், நியூட்ரல் லைனுக்கு வராது. ஓ-ரிங் உப்பினால் மறுபடியும் குழாயை நெருக்கும், ஆகவே கழுவும்போது ஒருமுறை கழற்றிப் பாருங்க.

தறிக்காரர்

அப்படியே சிலிகோன் பசை காஸ்டிக்கைத் தாங்குமா என்றும் பாருங்க. சிப் உரிந்து வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

பழைய வேஃபர்

நியாயமான கேள்வி. மிதமான காரத்துக்குத் தாங்கும், சூடான கெட்டிக் காஸ்டிக்கில் மெல்ல அரிக்கும். சிப்பின் மேற்பூச்சுக்கும் அதே கதிதான். காஸ்டிக் விட்டு லைனைக் கழுவும்போது ப்ரோப்பை வெளியே எடுத்துவிடுங்கள். ஹோல்டரில் ஒரு வால்வு வைத்தால் லைனை நிறுத்தாமலே எடுக்கலாம்.